எட்டு முனை நட்சத்திரம், எட்டாத மூலை

கேள்வி: "அக்கா, நான் 14 வருஷமாக வீட்டிலேயே பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். கால் மெஷின்தான். மகளுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது பிள்ளைக்கு எட்டு முனை நட்சத்திரம் போட்ட ஒட்டுத்துணி விரிப்பு வேண்டும் என்று சொல்லி, போனில் படமும் அனுப்பியிருக்கிறாள். 12 இஞ்ச் சதுரத்தில் 12 கட்டம். ஐந்து கட்டம் தைத்துவிட்டேன், ஒன்றும் உருப்படியாக இல்லை. எட்டு டைமண்டும் சேரும் நடுவிடம் குன்று மாதிரி எழும்புகிறது. டைமண்டுகளுக்கு இடையில் வெள்ளைத் துணி வைக்கும் மூலையில் ஒன்றில் சுருக்கு, ஒன்றில் ஓட்டை. அளவும் ஒரு கட்டம் பதினொன்றே முக்கால், இன்னொன்று பன்னிரண்டே கால். பிரித்துத் தைத்தால் இன்னும் மோசமாகிறது. ஓரத்தில் காற்றாடி மாதிரி ஒரு சின்னக் கட்டமும் வருகிறது. அதில் நான்காவது பட்டை மாட்டவே மாட்டேன் என்கிறது. இந்த மூலைகளைத் தைக்காமல் தப்பிக்க ஏதாவது குறுக்குவழி உண்டா?"
தக்கலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

தங்கச்சி, குறுக்குவழி உண்டு. ஒன்றல்ல, இரண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் பாதிதான் அந்த மூலையால் வந்தது. நடு எழும்புவதும் அளவு மாறுவதும் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த வழியில் போனாலும் ஆறாவது கட்டமும் இதே மாதிரிதான் வரும்.

முதலில் அந்த மூலை. மகள் அனுப்பியிருப்பது, குயில்ட் என்கிற ஒட்டுத்துணி விரிப்பு தைப்பவர்கள் லெமாய்ன் ஸ்டார் என்று சொல்லும் நட்சத்திரம். 1718இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவிய லெமாய்ன் குடும்பத்தின் பெயர் என்பார்கள். அந்தப் பெயர் வாயில் நுழையாதவர்கள் அதை லெமன் ஸ்டார் ஆக்கிவிட்டார்கள். எலுமிச்சைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதில் பக்கத்துப் பக்கத்து டைமண்டுகள் கவட்டை மாதிரி விரிகின்றன. அந்தக் கவட்டைக்குள் வெள்ளைச் சதுரத்தையோ முக்கோணத்தையோ பொருத்த வேண்டும். ஒரே ஓட்டமாகத் தைக்க முடியாது. பாதியில் நின்று, துணியைத் திருப்பி, மறுபக்கம் தைக்க வேண்டும். ஜிப்பாவின் அக்குளில் சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பீர்கள், அதே வேலைதான். அங்கே கொஞ்சம் பிசகினாலும் கைக்கடியில் மறைந்துவிடும். இங்கே ஒரு கட்டத்துக்கு எட்டு மூலை, எட்டும் மூஞ்சிக்கு நேரே.

இனி அளவு. நமக்கு பிளவுஸ் தைத்துப் பழகிய கை. உள்ளே அரை இஞ்ச், ஒரு இஞ்ச் என்று தாராளமாக விடுவோம். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடலாம். ஒட்டுத்துணிக் கட்டத்தில் உள்ளே விடுவது கால் இஞ்ச் மட்டும். ஆசாரிகளும் நாமும் சொல்லும் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் என்றால், இது இரண்டு நூல். கை தவறி அரை நூல் கூடினால் என்ன ஆகும்? ஒரு தையலுக்கு இரண்டு துணி, இரண்டிலும் அரை அரை, மொத்தம் ஒரு நூல் போகும். கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல் வந்தால் இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். உங்கள் பதினொன்றே முக்கால் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? பன்னிரண்டே கால் வந்த கட்டத்தில் அதே அரை நூல் குறைந்திருக்கிறது.

துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலின் ஓரத்தைப் பார்த்துத் தைப்பதை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் அது ஒவ்வொரு அளவு. ஊசியை இறக்கி, அதிலிருந்து வலப்பக்கம் இரண்டு நூல் அளந்து, மெஷின் தட்டில் பிளாஸ்திரியை நான்கைந்து மடிப்பாக ஒட்டி ஒரு வரம்பு கட்டுங்கள். துணியை நகர்த்தும் பல்லின் மேல் அது ஏறக்கூடாது. பிறகு ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும், மொத்தம் மூன்றரை. குறைவாக இருந்தால் பிளாஸ்திரியை மயிரிழை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள். இது சரியாகும்வரை நட்சத்திரத்துணியில் கை வைக்க வேண்டாம்.

நடு குன்றாக எழும்புவதற்குக் காரணம் கோணம். முழுச் சுற்று 360 டிகிரி, எட்டு டைமண்டின் முனையும் தலா 45. தைத்து முடித்தபின் ஒவ்வொன்றிலும் ஒரு டிகிரி குறைந்தாலே மொத்தத்தில் எட்டு டிகிரிக்குத் துணி இல்லை. துணி போதாவிட்டால் நடு கூம்பாகும். மாறாகக் கூடிப்போனால் ஓரம் பாவாடை மாதிரி அலையடிக்கும். உங்களுடையது குன்று. அப்படியென்றால் நடுவில் சரியாகத் தொடங்கி, வெளி ஓரத்துக்குப் போகப் போக தையலை உள்ளே இழுத்துவிடுகிறீர்கள். பிளவுஸ் பக்கத் தையலை இடுப்பில் ஒடுக்கி முடிக்கும் அதே கை. நானும் அப்படித்தான் கெடுத்தேன். முதன்முதலில் ஒருவருக்குக் காசு வாங்கித் தைத்த விரிப்பில் ஒன்பது நட்சத்திரம், ஒன்பதும் புற்று மாதிரி நின்றன. இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்திப் படுக்க வைத்துக் கொடுத்தேன். ஒரு துவைப்பில் எல்லாம் எழுந்துவிட்டன.

பிரித்துத் தைத்தால் மோசமாகிறது என்றீர்களே, அதற்கு கிராஸ், அதாவது துணியின் நூலுக்குச் சாய்வாக விழும் வெட்டு, காரணம். நேர்ப் பட்டையிலிருந்து 45 டிகிரியில் டைமண்ட் வெட்டினால் இரண்டு பக்கம் நேர்நூல், இரண்டு பக்கம் முழு கிராஸ். கிராஸ் பக்கம் தொட்டாலே இழுபடும். பிரிக்கும்போது கேட்கவே வேண்டாம். அதனால் வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துச் சுருக்கி, புழுங்கலரிசிக் கஞ்சியை வடிகட்டி, கொஞ்சம் கட்டியாகவே போட்டுத் தேய்த்துவிடுங்கள். காகிதம் மாதிரி நிற்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் ஒரு தொல்லை: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம்மைத் தேடி வரும். ஐப்பசி மழையில் கஞ்சித்துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும். அன்றன்றைக்கு வெட்டப்போகும் துணிக்கு மட்டும் கஞ்சி போடுங்கள். விரிப்பு முடிந்ததும் ஒருமுறை அலசிவிட வேண்டும். தைக்கும்போது கிராஸ் பக்கம் கீழே, பல்லை ஒட்டி இருக்கட்டும். மேலே இருந்தால் மெஷின் கால் அதைத் தள்ளிக்கொண்டே போகும்.

சரி, குறுக்குவழிக்கு வருவோம்.

பெரும்பாலானவர்கள் சொல்லும் வழி டைமண்டையே விட்டுவிடுவது. நட்சத்திரத்தை நான்குக்கு நான்கு, பதினாறு சிறு சதுரமாகப் பிரிக்கிறோம். நாலு மூலையிலும் வெறும் வெள்ளைச் சதுரம். மீதி பன்னிரண்டும் இரண்டு நிற முக்கோணம் சேர்ந்த சதுரங்கள். வெட்டும் அளவு மூன்றரை இஞ்ச், தைத்தபின் மூன்று. இரண்டு நிற முக்கோணச் சதுரத்துக்கு 4 இஞ்ச் சதுரம் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் இரண்டு நூல் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு கிடைக்கும். தேய்த்து, மூன்றரைக்கு ஒடுக்குங்கள். கவட்டை கிடையாது, எல்லாம் நேர்த்தையல். ஆனால் இது மகள் கேட்ட நட்சத்திரம் இல்லை. டைமண்டுக்கு நாலு பக்கமும் ஒரே நீளம். இதில் ஒரு பக்கம் மூன்று இஞ்ச் என்றால் அடுத்த பக்கம் நாலேகால். கைகள் கொஞ்சம் ஒல்லியாக, சாய்ந்தாற்போல் தெரியும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு தையல் குறுக்கே போகும். அவசரத்துக்குச் சரி. எனக்கு மனசு ஒப்பாது.

நான் செய்யும் வழி வேறு. டைமண்டைத் தொடுவதே இல்லை. வெள்ளைத் துணியை மட்டும் பிளக்கிறேன். மூலையில் வரும் வெள்ளைச் சதுரத்தை, கட்டத்தின் நடுவிலிருந்து மூலைக்குப் போகும் கோட்டில் இரண்டாக வெட்டுங்கள். பக்கவாட்டில் வரும் வெள்ளை முக்கோணத்தையும் நடுவோடு இரண்டாக வெட்டுங்கள். இப்போது கட்டம் முழுவதும் பீட்சா துண்டு மாதிரி எட்டு முக்கோணமாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு டைமண்ட், ஒரு பெரிய வெள்ளை முக்கோணம், ஒரு சின்ன வெள்ளை முக்கோணம். மூன்றும் நேர்த்தையலில் சேரும். கவட்டை எங்கே போனது என்றே தெரியாது.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். டைமண்டுக்கு 3 இஞ்ச் அகலப் பட்டை. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றில் அச்சு செய்யுங்கள். அட்டை என்றால் சாக்பீஸ் உரசி உரசி ஓரம் தேய்ந்துவிடும். 3 இஞ்ச் இடைவெளியில் இரண்டு இணைகோடு. கீழ்க்கோட்டில் 0, 4 இஞ்ச் 2 நூல் என்று இரண்டு புள்ளி. மேல்க்கோட்டில் அதையே 3 இஞ்ச் வலப்பக்கம் தள்ளி, 3 இஞ்சிலும் 7 இஞ்ச் 2 நூலிலும் இரண்டு புள்ளி. நாலையும் சேர்த்தால் டைமண்ட். நாலு பக்கமும் 4 இஞ்ச் 2 நூல் வருகிறதா என்று அளந்து பாருங்கள், வராவிட்டால் திரும்ப வரையுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூல் உள்ளே ஒரு சிறு டைமண்ட் வரைந்து, அதன் நான்கு முனையிலும் சூடான ஊசியால் ஓட்டை போடுங்கள். துணியில் அந்த ஓட்டை வழியாகப் பென்சில் புள்ளி வைக்க வேண்டும். பெரிய முக்கோணத்துக்கு நாலரை இஞ்ச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டுங்கள். சின்னதற்கு 3 இஞ்ச் 3 நூல் சதுரத்தை அதே போல. ஒரு கட்டத்துக்கு இரண்டிலும் நான்கு நான்கு சதுரம். முக்கோணத்திலும் ஓரத்துக்கு இரண்டு நூல் உள்ளே மூலைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தைக்கும்போது சின்ன முக்கோணத்தின் நீளமான பக்கம் டைமண்டின் வெளிப்பக்கத்தில் ஒன்றோடு சேரும். பெரிய முக்கோணத்தின் குட்டையான பக்கம் அடுத்த வெளிப்பக்கத்தோடு சேரும். அதன் நேர்மூலை டைமண்டின் வெளிமுனையில் உட்கார வேண்டும். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் காது காதாக நீட்டிக்கொண்டிருக்கும், பயப்பட வேண்டாம். ஓரத்தைப் பார்க்காதீர்கள், புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்துங்கள். இன்னொன்று: எட்டில் நான்குக்கு சின்ன முக்கோணம் வலப்பக்கம், நான்குக்கு இடப்பக்கம். டைமண்டுக்கு இடம் வலம் கிடையாது, முக்கோணம் ஒட்டும் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டையும் ஒரே பக்கமாகத் தைத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை நான் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு கிண்ணத்தில் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம் நேர்த்தையல் மட்டும் இல்லை. நடுவழியில் மூன்று இடத்தில் அளந்து பார்க்கலாம். கவட்டை மூலையில் கட்டம் முழுதாக முடியும்வரை தப்பு தெரியாது. தெரியும்போது பிரிக்க வழியிருக்காது. இதில் ஒவ்வொரு துண்டும் முடிந்ததும், 6 இஞ்ச் 7 நூல் காகிதச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டிய அச்சின்மேல் வைத்துப் பாருங்கள். கூடினால் வெளி ஓரத்தில் மட்டும் ஒடுக்குங்கள், நடுமுனைப் பக்கம் கத்தரி போகவே கூடாது. ஒரு வலமும் ஒரு இடமும் சேர்த்தால் ஆறரை இஞ்ச் சதுரம். அப்படி நான்கு சதுரம் சேர்த்தால் பன்னிரண்டரை. விரிப்பில் சேர்ந்தபின் 12. ஆறரைச் சதுரம் ஆறரை வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வீணாவது இரண்டு டைமண்ட்தான்.

வெள்ளைத் துணியில் கூடுதலாக ஒரு தையல் தெரியுமே என்று கேட்பீர்கள். வெற்று நிறத்திலும் பொடிப்பூப் போட்டதிலும் கண்ணுக்குப் படாது. கட்டம் போட்டது, கோடு போட்டது என்றால் பட்டவர்த்தனமாகத் தெரியும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

துணிக்கணக்கு: நம்மூர் 36 இஞ்ச் பாப்ளினில் ஒரு பட்டைக்கு ஏழு டைமண்ட். 12 கட்டத்துக்கு 96 டைமண்ட், ஆக 14 பட்டை, 42 இஞ்ச். ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் கஞ்சியில் சுருங்குவதும் போய்க் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 14ஆம் நம்பர் ஊசி, ஒரு இஞ்சுக்கு பன்னிரண்டு தையல்.

நடுவில் எட்டு முனை சேரும்போது பதினாறு மடிப்புத் துணி ஓரிடத்தில் குவியும். முதலில் கட்டத்தை இரண்டு பாதியாக முடித்து, பாதிகளின் நடுப்புள்ளியில் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தி, இருபுறமும் வேறு ஊசி போட்டபின் அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கால் மிதிக்க வேண்டாம், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தைத்து முடிந்ததும் பின்பக்கம் திருப்பி, உள்ளே விட்ட துணியில் மட்டும், நடுப்புள்ளிக்கு அருகே இரண்டு மூன்று தையலைப் பிரித்துவிட்டால் எல்லா மடிப்பும் ஒரே சுற்றாகக் காற்றாடி மாதிரி படுக்கும். பருமன் பரவிவிடும். அதற்கு மேலும் முட்டினால் ஈரத்துணி போட்டுத் தேய்த்து, சப்பாத்திக் கட்டையால் இரண்டு தட்டு.

காற்றாடிக் கட்டத்தின் நான்காவது பட்டைக்கு வெட்டு மாற்றம் ஒன்றும் வேண்டாம். முதல் பட்டையின் ஒரு முனையைச் சதுரத்தின் ஓரத்தோடு ஒட்டவைத்து, சதுரத்தின் பாதிவரை மட்டும் தைத்து விட்டுவிடுங்கள், மறுமுனை ஆடிக்கொண்டிருக்கட்டும். ஒட்டிய முனைப் பக்கம் இரண்டாவது பட்டை முழுத்தையலாகச் சேரும், அப்புறம் மூன்று, நான்கு. கடைசியில் முதல் பட்டையின் மீதிப் பாதியை மூடுங்கள். நடுச்சதுரம் இரண்டரை, பட்டை ஒன்றரைக்கு மூன்றரை என்று வெட்டினால் கட்டம் நாலரை வரும்.

இவ்வளவும் படித்துவிட்டு, கவட்டையையே தைத்துப் பார்க்கிறேன் என்று தோன்றினால் கையால் தையுங்கள். கிண்டல் இல்லை. புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் நிறுத்தி, உள்ளே விட்ட துணிக்குள் ஒரு தையலும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முழு ரகசியம். கைக்கு அது எளிது, மெஷினுக்குக் கஷ்டம். நாகர்கோவில் லேஸும் எம்பிராய்டரியும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பெண்கள் தொடங்கி, தலைமுறையாக வந்த கைவேலை. என் அம்மாவும் அந்த வரிசைதான். அவர் மெஷினை நம்பவே மாட்டார். கவட்டை மூலை எட்டையும் மாலை ஜெபத்துக்கு முன் கையால் முடித்துவிடுவார், ஒரு சுருக்கு இருக்காது. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை, அதனால்தான் வெள்ளையைப் பிளக்கக் கற்றேன்.

பிள்ளைக்கானது என்பதால் உள்ளே இலவம்பஞ்சு வைக்காதீர்கள். இரண்டு துவைப்பில் திரண்டு கட்டியாகிவிடும். நம் புழுக்கத்துக்குப் பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு தாராளம். முடிந்ததும் குண்டூசிகளை எண்ணிப் பெட்டியில் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் விரிப்பைக் கொடுக்கக் கூடாது.

தைத்த ஐந்து கட்டத்தையும் தூக்கிப் போட வேண்டாம். குன்று எழும்பியவற்றில் இரண்டு பாதியையும் சேர்த்த அந்த ஒரு நீளத் தையலை மட்டும் பிளேடால் பிரித்து, நடுவில் பழைய இடத்திலேயே வைத்து, வெளி ஓரத்துக்குப் போகப் போக அரை நூல் விட்டுத் தைத்துப் பாருங்கள். பாதிக் குன்றாவது இறங்கும். மூலையில் ஓட்டை விழுந்ததில் அரளிப்பூ அளவுக்கு ஒரு வட்டத்துணி வைத்துக் கைத்தையல் போட்டால் வேண்டுமென்றே வைத்த மாதிரி இருக்கும், ஆனால் எட்டு மூலையிலும் வைக்க வேண்டும். அந்த ஐந்தும் தலையணை உறைக்கு ஆகட்டும். விரிப்புக்குப் பன்னிரண்டும் புதிதாகவே வெட்டுங்கள், பழையதையும் புதியதையும் கலந்தால் அளவு சேராது. முதல் கட்டத்தைக் கிழிந்த வேட்டியில் தைத்து, அதன் ஆறரைச் சதுரங்களின் நாலு பக்க அளவையும் எனக்கு எழுதுங்கள்.